நீலத் தகரம்

எங்கள் பேச்சில் சொல்லின் வாலில்
‘சி’ வந்தால் கேள்விப்பட்டது.
‘மி’ வந்தால் நான் பார்த்தது.
இரண்டில் ஒன்றை ஒட்டாமல்
மழை பெய்ததென்று சொன்னாலும்
கேட்பவர் ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொள்வார்.

தெயோபனெஸ் வேறு வீடு கட்டிக்கொண்டானாம்
என்றேன் நிகனோராவிடம்.
கூட ஒருத்தி இருக்கிறாளாம்.
தங்கச் சுரங்கத்துக்கும் மேலே, பனியோரம்,
நீலத் தகரம் வேய்ந்த வீடாம்.

ஜூன் மாத உறைபனி.
இரவெல்லாம் வெளியில் கிடந்து கல்லான உருளைக்கிழங்கை
வெறுங்காலால் மிதித்துத் தண்ணீர் பிழிந்துகொண்டிருந்தாள்.
‘நீலமா?’ என்று கேட்டாள்.
கால் நிற்கவில்லை.

மூன்று ‘சி’ போட்டிருந்தேன்.
மூன்றும் பொய்.

சிமெண்ட் லாரியில் கிளீனராய் ஹுலியாகா வரை போனவன்
அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து
மூச்சு முட்ட மேலேறினேன்.
முப்பது நாள் சும்மா உழைத்து
முப்பத்தோராம் நாள்
தோள் தாங்கும் கல்லைக் கூலியாய்ச் சுமந்துபோகும் ஊர்.
கல்லுக்குள் பொன் இருக்கலாம்.
கல்லே இருக்கலாம்.

கதவைத் திறந்தவள் யாரென்று கேட்கவில்லை.
ஆட்டெலும்புச் சூப் ஊற்றினாள்.
இரண்டாம் கிண்ணம் நானே கேட்டு வாங்கினேன்.

‘நாங்கள் நலம் என்று சொல்’ என்றான்
வண்டிவரை கூடவந்த தெயோபனெஸ்.
நாம் அல்ல, நாங்கள்.
கல்யாணத்தன்று இதே வாயால்
‘நாங்கள் மேட்டு நிலத்தில் கிழங்கு போடுவோம்’ என்றபோது
அந்தச் சொல்லுக்குள் நிகனோரா இருந்தாள்.
சொல் அதேதான்.
உள்ளே ஆள் மாறியிருந்தது.

ஆகஸ்டில் வாய்க்கால் தூர்வாரினோம்.
ஆண்கள் மண்வெட்டியோடு உள்ளே.
பாடும் பெண்கள் கரைமேல்.
ஹராவி பாடுகிறவர்கள்
உள்ளங்கையை வாயோரம் அணையாக வைப்பார்கள்.
குரல் மெலிந்து, இன்னும் மெலிந்து,
பருந்துக்கும் மேலே போய் ஒடியும்.
அந்தக் கைக்குப் பின்னால்
ஒரு விகுதியை ஒளித்துவிடலாம்.
நான் அதைத்தான் நம்பியிருந்தேன்.

வழக்கமான புறா வந்தது.
எங்கள் பாட்டுகளில் பிரிந்துபோகிற எல்லோரும் புறாதான்,
ஊர்ப்பணத்தோடு ஓடிப்போன டிரைவர் எவரிஸ்தோ உட்பட.
பறந்தது, ஊட்டிய தானியத்தை மறந்தது,
எல்லோருக்கும் தெரிந்த அடிகள்.
பிறகு அவள் மட்டும் தனியே எடுத்தாள்:

    நீலத் தகரத்தின் கீழே
    என் புறா கூடு கட்டியிருக்கிறது.
    ஆலங்கட்டி விழும் இரவில்
    அவர்களுக்கு எத்தனை சத்தமாய்க் கேட்கும்.

கையை எடுத்துவிட்டு, தெளிவாக,
‘மி’ என்றாள்.
பார்க்காதவள், பார்த்தவளைப் போல.
என் பக்கம் திரும்பவில்லை.
தண்ணீர் வரப்போகும் திசையில் கண்.

என் மண்வெட்டி கல்லில் பட்டது.
வதந்திக்கு ஊர் தெரியும், பெண்ணின் பெயர் தெரியும்,
எத்தனை பிள்ளை என்பதுகூடத் தெரியும்.
கூரையின் நிறம் தெரியாது.

ஏன் ‘சி’ போட்டேன்?
பார்த்தேன் என்றால்
அவள் என் கண்ணுக்குள் எட்டிப் பார்த்திருப்பாள்.
அங்கே அவன் மட்டுமா இருந்தான்.

மதகைத் திறந்தார்கள்.
முதல் நீர் சருகும் நுரையுமாய் வந்தது.
எல்லோருக்கும் சிச்சா ஊற்றிக்கொண்டு வந்தவள்
என் முன்னால் நின்றாள்.
கோப்பையை நீட்டவில்லை.

‘என்ன சமைத்தாள்?’
‘சூப்.’
‘எப்படி இருந்தது?’

தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியிருந்தது.

உப்பு அதிகம் என்றேன்.
‘மி’ போட்டுச் சொன்னேன்.